பட்டியலைக் கூடி ஏற்றுவது

உங்கள் கையில் ஒரு எக்செல் கோப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பள்ளிகள், அங்கன்வாடிகள், நியாய விலைக் கடைகள், பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் சேர்ந்து 400 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், ஒரு குறியீட்டு எண், அட்சரேகை, தீர்க்கரேகை. இன்னொரு சன்னலில் யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் திறந்திருக்கிறது. சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். பட்டியலில் இருக்கும் பலவும் வரைபடத்தில் இல்லை. அத்தனையையும் இன்று இரவே ஏற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். ஏற்றவும் முடியும். ஒரே தடவையாகச் சேர்த்து அனுப்பும் ஒரு மாற்றத்தொகுப்பில் 10,000 உறுப்புகள் வரை அந்தத் தளம் வாங்கிக்கொள்ளும்.

தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஏற்றுவதற்கு ஒரு பொத்தான் போதும். அந்த 400 புள்ளிகளில் எது சரி, எது தவறு என்று சொல்வதற்கு மொளச்சூரில் குடியிருக்கும் ஒருவர் வேண்டும், வல்லத்துக்கு தினமும் ஷிப்டுக்குப் போய்வரும் ஒருவர் வேண்டும், ஒரகடம் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் வேண்டும். அவர்களுக்கு நேரம் குறைவு. அவர்களுடைய வேலையை எவ்வளவு சிறியதாகவும் தெளிவாகவும் ஆக்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயம். கூடி ஏற்றுவதை எளிமையாக்குவது என்று நான் சொல்லும்போது, சரிபார்ப்பவருக்கு எளிமையாக்குவதையே சொல்கிறேன்.

மொத்தமாக ஏற்றியவர்கள் கண்டது

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். மூன்றே ஆண்டில், 2007-இல், நெதர்லாந்தைச் சேர்ந்த ஏ.என்.டி. என்ற வழிகாட்டித் தரவு நிறுவனம் தன் நாட்டுச் சாலைத் தரவு முழுவதையும் நன்கொடையாகக் கொடுத்தது. கூடவே இந்தியா, சீனா இரண்டின் முதன்மைச் சாலைத் தரவும் வந்தது. நெதர்லாந்தில் அதைச் சரிபார்க்க ஆட்கள் இருந்தார்கள். இந்தியாவில் அன்று வரைபடம் வரைந்தவர்கள் மிகச் சிலர். வான்படத்தைப் பார்த்து வரைவதற்கு மைக்ரோசாஃப்ட் தன் பிங் படங்களை 2010 இறுதியில் அனுமதித்த பிறகுதான், கோடு எங்கே இருக்கிறது, உண்மையான சாலை எங்கே இருக்கிறது என்று நம்மவர்கள் வீட்டிலிருந்தே பரவலாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. விலகிக் கிடந்த கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாலைமேல் வைத்தார்கள். நன்கொடை நல்லதுதான். அதை வாங்கிச் சரிபார்த்து வைக்கும் கைகள் அப்போது இங்கே போதவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவை 2007, 2008 ஆண்டுகளில் நாடு முழுக்க ஏற்றினார்கள். எந்த வீடு சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்கெடுப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உருவான தரவு அது. சாலை பூமியில் துல்லியமாக எங்கே வளைகிறது என்பது அதற்கு முக்கியமாக இருக்கவில்லை. அதனால் வரைபடத்தில் சாலைகள் கோணல்மாணலாக விழுந்தன. ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று பொருள்படும் குறிச்சொல் ஒன்றையும் ஒவ்வொரு சாலையிலும் ஒட்டி ஏற்றினார்கள். அந்தக் குறிச்சொல்லை இன்றும் ஏராளமான அமெரிக்கச் சாலைகளில் பார்க்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்றிய தரவு, பிறகும் அப்படியே இருக்கும்.

நியூயார்க் நகரக் கட்டடங்களை 2013-14-இல் ஏற்றியவர்கள் வேறு வழியில் போனார்கள். சுமார் பத்து லட்சம் கட்டடங்கள். நகரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு தன்னார்வலர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே வரைந்திருந்ததோடு ஒப்பிட்டு, திருத்தி, ஏற்ற வேண்டும். இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும். இப்படித் துண்டு பிரித்துக் கொடுப்பதற்கான டாஸ்கிங் மேனேஜர் என்ற கருவி, 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் உலகெங்குமிருந்து கூடி வரைந்த அனுபவத்துக்குப் பின் உருவானது. நமக்கும் அதே வழிதான், அளவு மட்டும் சிறிது.

வரைபடத்துக்கு வெளியே, தமிழிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தில் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்துக்கொண்டே போனார்கள். நீளமான கட்டுரைகள், ஆனால் நடை தடுமாற்றமும் பிழைகளும் நிறைய. திருத்த வேண்டியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். அவர்கள் அந்தத் திட்டத்தோடு பேசி, தங்கள் பார்வையை 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் வைத்தார்கள். பின்னாளில் ஊராட்சிகளைப் பற்றிய கட்டுரைகளை அரசுத் தரவிலிருந்து தானியங்கியால் உருவாக்கியபோது, வந்து விழுந்த பிறகு பேசுவதற்குப் பதிலாக முதலிலேயே கூடிப் பேசிச் செய்தார்கள். சிறிய சமூகத்தின் தலையில் பெரிய மூட்டையை வைப்பதற்கு முன் அந்தச் சமூகத்தைக் கேட்க வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஏற்றல் நெறிமுறையும் இதையே சொல்கிறது: திட்டத்தை அதன் விக்கியில் ஒரு பக்கமாக எழுதுங்கள், நாட்டின் பங்களிப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கருத்துக் கேளுங்கள், ஏற்றுவதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்

ஒரு பட்டியலை அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்கலாம் என்பதாலேயே அதை எடுத்து வரைபடத்தில் போட்டுவிட முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய பட்டியலும் அப்படித்தான். தெரிந்துகொள்ளும் உரிமை கிடைத்திருக்கிறது, மறுபடி வெளியிடும் உரிமம் கிடைக்கவில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் 12 முதல் ஓ.டி.பி.எல். என்ற தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது. அதில் சேர்ந்த தரவை யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, மூலத்தைச் சொல்லிப் பயன்படுத்தலாம். கொடுப்பவர் இதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸின் சி.சி.-பை 4.0 உரிமம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் மேலே உரிமையாளரின் தனி ஒப்புதல் வேண்டும் என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை கேட்கிறது.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டாம். நம் அலுவலகங்களுக்குப் பழகிய மொழியிலேயே எழுதுங்கள்: இந்தப் பட்டியலை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் சேர்ப்பதற்கும், அதை ஓ.டி.பி.எல். உரிமத்தின்கீழ் எவரும் பயன்படுத்துவதற்கும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. தேதி, கையெழுத்து, முத்திரை. ஊராட்சி தான் தொகுத்த பட்டியலுக்குத்தான் கையெழுத்துப் போட முடியும். கல்வித் துறையின் பட்டியலுக்கு அந்தத் துறையிடம்தான் போக வேண்டும்.

கடிதம் வாங்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எப்படி எடுத்தீர்கள்? நேரில் போய் போனில் எடுத்தார்கள் என்றால் நல்லது. கூகுள் மேப்பில் சொடுக்கி எடுத்தார்கள் என்றால் அந்த எண்களை நீக்கிவிட்டு, பெயரையும் குறியீட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கூகுள் வரைபடத்திலிருந்து எடுத்ததற்கு இங்கே இடமில்லை. பட்டியலின் பாதி போய்விடுகிறதே என்று மனம் சங்கடப்படும். போகட்டும். ஒருநாள் உரிமப் பிரச்சினை வந்து எல்லோருடைய உழைப்பும் நீக்கப்படுவதைவிட அது மேல்.

பெயர் என்ற பெரிய வேலை

நம் பட்டியல்களில் அதிக நேரம் பிடிப்பது பெயர்தான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தாகிய ‘ஸ்ரீ’யைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கும். ‘ஸ’வில் தொடங்கும் எழுத்து வரிசை ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் வரிசை இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். பட்டியலில் ஒரு விதமும் வரைபடத்தில் மறு விதமும் இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று கருவி சொல்லும், நீங்களும் புதிய புள்ளி என்று நினைத்து ஏற்றிவிடுவீர்கள். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளுக்கும் இதே தொல்லை உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இருக்கலாம். யூனிகோடு இயல்பாக்கம் என்ற படி கொம்பு-கால் பிரச்சினையைத் தானாகச் சரிசெய்துவிடும். ‘ஸ்ரீ’யை அது தொடாது. தேடி மாற்றும் வசதியைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே விதமாக்கிவிட்டுத்தான் ஒப்பிடத் தொடங்க வேண்டும்.

பழைய கோப்பாக இருந்தால் எழுத்துருவே வேறாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்பும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் உண்டு. எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் படியுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று விழுந்துபோயிருந்தால் ஊர்ப் பெயரே மாறிவிடும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஒரகடம் என்றும் ஓரகடம் என்றும் எழுதுகிறார்கள். சுங்குவார்சத்திரத்தைச் சேர்த்தும் பிரித்தும், நடுவில் ‘ச்’ இட்டும் இடாமலும் எழுதுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைத் திருப்பெரும்புதூர் என்று எழுதுவோரும் உண்டு. ஆங்கிலத்தில் இது இன்னும் பெருகும். தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை அரசு 2020 ஜூனில் வெளிக்கொண்டுவந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்த இடைவெளியில் புது எழுத்துக்கூட்டலில் தயாரான பட்டியல் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி எளியது. இடத்தில் இருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெயர். தமிழ்ப் பெயரைத் தமிழுக்கான பெயர்க் குறிச்சொல்லில் எழுதுங்கள். மற்ற வடிவங்களை மாற்றுப்பெயர்க் குறிச்சொல்லில் வையுங்கள், தேடுபவருக்கு உதவும். வேறொருவர் ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயரைப் பட்டியலைக் காரணம் காட்டி அழிக்காதீர்கள். சுருக்கங்களை விரித்து எழுதுங்கள். ‘ஊ.ஒ.ந.நி.பள்ளி’ என்பது அலுவலகக் கோப்புக்குப் போதும், வரைபடத்தில் அது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சிப்காட் தொழிற்பேட்டை அருகே ஒரு மாம்பாக்கம் இருக்கிறது, வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையிலும் ஒரு மாம்பாக்கம் இருக்கிறது. வடகாலை ஒட்டி ஒரு வல்லம், குடைவரைக் கோயில்களோடு செங்கல்பட்டு அருகே இன்னொரு வல்லம். கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் ஒன்று, அம்பத்தூர்ப் பக்கம் ஒரகடம் மற்றொன்று. மாம்பாக்கம் இரண்டும், வல்லம் இரண்டும் 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே அதற்கு முந்தைய பட்டியலில் மாவட்டப் பெயரைப் பார்த்தும் பிரித்தறிய முடியாது. பெயரை மட்டும் கொண்டு இடத்தைத் தேடும் கருவிகளை இந்த வட்டாரத்தில் நம்பவே நம்பாதீர்கள். வட்டத்தின் பெயர், அஞ்சல் குறியீடு, பள்ளிகளுக்கு யூ-டைஸ் என்ற 11 இலக்க எண் ஆகியவற்றில் ஒன்றாவது கூட இருக்க வேண்டும். யூ-டைஸ் எண் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். அந்தப் பத்தியை எக்செல்லில் எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள், நீண்ட எண்களை எக்செல் சுருக்கிவிடும்.

எண்களைச் சோதிப்பது

சுங்குவார்சத்திரம் ஏறக்குறைய 12 பாகை 55 கலை வடக்கு, 79 பாகை 52 கலை கிழக்கு. தசமத்தில் 12.92, 79.87. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளை வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தால் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரையில் போய் விழும். அது கண்ணில் படும் பிழை, பயமில்லை. கண்ணில் படாதது பாகை-கலையைத் தசமம் என்று எண்ணிக்கொள்வது. 12 பாகை 55 கலையை 12.55 என்று தட்டினால் புள்ளி சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். தீர்க்கரேகையும் அப்படியே 79.52 ஆகிவிட்டால் நம் பள்ளி வந்தவாசி, செய்யாறு பக்கம் நிற்கும். அங்கேயும் வயலும் ஏரியும் ஊரும்தான், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கலை என்பது 59-ஐத் தாண்டாது. ஒரு பத்தி முழுக்கத் தசமப் பகுதி 60-க்குக் கீழேயே இருந்தால் அது கலையாக இருக்கக்கூடும் என்று நிறுத்திப் பாருங்கள்.

தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்றும் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர் அளவுக்கு இடம் தெரியும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல், அதை வைத்து ஊரைச் சொல்லலாம், பேருந்து நிறுத்தத்தைச் சொல்ல முடியாது. பல வரிகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், பதிவு செய்தவர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி எடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த வரிகளைத் தனியே ஒதுக்குங்கள்.

பழைய அளவைத் தாள்களிலிருந்து எடுத்த எண்கள் விலகுவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் அந்த இடம். அந்த அளவைத் தொடரில் கிடைத்த கணக்குகளைக் கொண்டு எவரெஸ்ட் என்ற அளவையாளர் வகுத்த பூமி வடிவத்தையே இந்தியத் தாள்கள் நெடுங்காலம் பின்பற்றின. இன்றைய போன்கள் உலகப் பொது அமைப்பான டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பின்பற்றுகின்றன. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் அப்படியே போட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே தூரம் விலகியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஒரு படியில் மாற்றிவிடலாம்.

மூன்று குவியல்

பெயரும் எண்ணும் சீரான பிறகு, வரைபடத்தில் ஏற்கெனவே இருப்பதை ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி வழியாக இறக்கிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்று குவியலாகப் பிரியும். வரைபடத்தில் இல்லாதவை. இருந்து, ஒத்துப்போகிறவை. இருந்து, முரண்படுகிறவை. முதல் குவியல் களத்துக்குப் போகும். இரண்டாவதில் வேலை குறைவு, விட்டுப்போன குறியீட்டு எண்ணைச் சேர்த்தால் போதும். மூன்றாவதில்தான் பொறுமை வேண்டும்.

எத்தனை மீட்டருக்குள் இருந்தால் இரண்டும் ஒன்று என்று கொள்வது? பொருளுக்குப் பொருள் மாறும். பள்ளி வளாகத்துக்கு 200 மீட்டர் வரை பார்க்கிறேன். நியாய விலைக் கடைக்கு 50 மீட்டர். பேருந்து நிறுத்தத்துக்குத் தூரக் கணக்கு உதவாது. ஏனென்றால் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும் ‘சுங்குவார்சத்திரம்’, நிலத்தில் ஒன்றுக்கு மேல். காஞ்சிபுரம் போகும் பேருந்து நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் நிற்கும், சென்னைக்குப் போவது எதிர்ப்பக்கம் நிற்கும், வாலாஜாபாத் சாலையில் திரும்புவது வேறிடத்தில் ஆள் ஏற்றும். நடுவே தடுப்பு. என் முதல் ஏற்றத்தில் இதை யோசிக்காமல் ஒரு நிறுத்தத்துக்கு ஒரு புள்ளி என்று சாலையின் நடுக்கோட்டில் வைத்துவிட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண், வரைபடத்தை நம்பித் தவறான பக்கம் நின்றால், ஆறு வழிச் சாலையைக் கடந்துதான் மறுபக்கம் போக வேண்டும். அதை நினைத்தபோதுதான் எனக்கு இந்த வேலையின் கனம் உறைத்தது. அந்தப் புள்ளிகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முரண்படும் இடத்தில் கையால் வரைந்ததற்கே முன்னுரிமை கொடுங்கள். அதை வரைந்தவர் அங்கே நின்றிருக்கக்கூடும். பழைய புள்ளியை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பது மிகப் பெரிய தவறு. அதோடு யார், எப்போது, ஏன் வரைந்தார் என்ற வரலாறு அறுந்துவிடும். இருக்கும் புள்ளியிலேயே சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்.

பட்டியலின் வயதையும் மறக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடியது, 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. சுங்குவார்சத்திரம் வழியே போகும் நெடுஞ்சாலையின் எண்ணே 2010-இல் தேசிய அளவில் நடந்த மாற்றத்தில் 4 என்பதிலிருந்து 48 ஆனது. பட்டியலில் ‘என்.எச். 4’ என்று முகவரி இருந்தால் பழைய தரவு என்பதற்கு அது ஓர் அடையாளம். முகவரியை மட்டும் திருத்திவிட்டு நிம்மதி அடையாமல், அந்த வரியில் உள்ள எல்லாவற்றையும் ஐயத்தோடு பாருங்கள்.

ஒரு டீ குடிக்கிற நேரம்

இப்போது ஆள்களிடம் வருவோம். காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, கூட்டுரோட்டில் டீக்கடையில் நிற்கும் ஒருவரிடம் 400 வரிக் கோப்பைக் கொடுத்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் ஊரைச் சுற்றியுள்ள பத்துப் புள்ளிகளைக் கொடுத்துப் பாருங்கள். ‘இது தெரியும், அது இடிச்சிட்டாங்க, இந்த ரேஷன் கடை இப்ப கோயில் பக்கத்துல மாத்திட்டாங்க’ என்று அங்கேயே சொல்லிவிடுவார். ஒரு துண்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து புள்ளி, அதற்கு மேல் வேண்டாம்.

துண்டைச் சதுரக் கட்டங்களாக வெட்டாதீர்கள். டாஸ்கிங் மேனேஜர் தானாக அப்படித்தான் வெட்டித் தரும். கட்டத்தின் கோடு ஒரு ஊரை நடுவில் அறுக்கும். மொளச்சூர் ஒரு துண்டு, சந்தவேலூர் ஒரு துண்டு, வல்லம்-வடகால் சாலை ஒரு துண்டு என்று மக்கள் நினைவில் இருக்கிறபடி பிரியுங்கள். சொந்த எல்லைக் கோட்டை அந்தக் கருவியில் கொடுக்க வழி இருக்கிறது. புள்ளிகள் மட்டும்தான் என்றால் மேப்ரூலெட் என்ற தளம் இன்னும் எளிது, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு புள்ளியைக் காட்டி ஒரு கேள்வியைக் கேட்கும். களத்தில் போனில் திருத்த ‘எவ்ரி டோர்’ செயலி நன்றாக உதவுகிறது. ஆனாலும் நான் தாளை விடவில்லை. ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் பத்து வரி, பக்கத்தில் ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘இடம் மாறிவிட்டது’, ‘தெரியாது’ என்று நான்கு கட்டம். ‘தெரியாது’ என்ற கட்டம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கேட்பவரின் மனம் கோணக்கூடாது என்று நம்மவர்கள் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தொழிற்பட்டையில் இன்னொரு நிலையும் இருக்கிறது. ஊரில் பிறந்தவருக்கு ஏரியும் கோயிலும் பழைய பாதையும் தெரியும், கம்பெனி கேட் தெரியாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ, திருவண்ணாமலையிலிருந்தோ வந்து தங்கியிருப்பவருக்கு எந்த கேட்டில் லாரி நுழையும், எந்த மெஸ் இரவு திறந்திருக்கும், ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்பது தெரியும், ஊராட்சிப் பள்ளி தெரியாது. ஒரு துண்டுக்கு இருவரையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். ஒரே நடையில் வேலை முடியும்.

ஏரிகள்

ஏரிகளைப் புள்ளிகளாக ஏற்றாதீர்கள். முடிந்தால் பட்டியலிலிருந்தே ஏற்றாதீர்கள். நம் ஏரி ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வடிவம், சித்திரையில் வேறு வடிவம். கோடையில் எடுத்த வான்படத்தைக் கணினி பார்த்து வரைந்த தரவில் ஏரி ஒரு குட்டையாகச் சுருங்கியிருக்கும். சுற்றிலும் தெரியும் நீர்ப்பிடிப்புக் காலி மனை போலத் தோன்றும். அந்தக் காலி இடத்தைத் தேடி வருகிறவர்கள் இந்த வட்டாரத்தில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் சுருங்கிய ஏரி, நிலத்திலும் சுருங்குவதற்கு வழி செய்துவிடும்.

ஆகவே கரை, மதகு, கலங்கல் மூன்றையும் முதலில் கண்டு குறியுங்கள். கலங்கலின் மட்டம் வரை நீர் நின்றால் எதுவரை பரவுமோ அதுவே ஏரியின் எல்லை. பருவத்துக்கு வற்றுவது என்ற குறிச்சொல்லைச் சேருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஒரு துறையின் பட்டியலில் இல்லை என்பதால் ஏரி இல்லை என்று ஆகாது. போக்குக் கால்வாயைப் பட்டியல் சொல்லாது, கரையில் நிற்கும் விவசாயி சொல்வார். இங்கிருந்து வழியும் நீரில் ஒரு பகுதி செம்பரம்பாக்கத்துக்கும், அங்கிருந்து அடையாற்றுக்கும் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து, நீர் சூழ்ந்த தெருக்களைச் சென்னை மக்களே குறித்தார்கள். குறிப்பதற்குத் தெரு முதலில் வரைபடத்தில் இருக்க வேண்டியிருந்தது.

கேட்டும் ஹாஸ்டலும்

தொழிற்சாலையைக் கட்டட நடுவில் ஒரு புள்ளியாக வைத்தால் லாரி ஓட்டுநருக்கு ஒரு பயனும் இல்லை. கேட்டைக் குறியுங்கள், கேட் எண்ணைக் குறியுங்கள், சரக்கு கேட் எது, ஆள் கேட் எது என்று எழுதுங்கள். மதிலுக்கு உள்ளே வரையத் தேவையில்லை. வெளியே நின்று படம் எடுக்கும்போது செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

ஹாஸ்டல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான சிப்காட் குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறந்தது. அது பலகையோடு நிற்கும் பொது அடையாளம், வரைபடத்தில் இருக்கலாம். ஊருக்குள் வாடகை வீடுகளை எடுத்துப் பத்து, இருபது பெண்கள் தங்கியிருக்கும் இடங்களின் பட்டியல் யாரிடமாவது கிடைத்தால் ஏற்றாதீர்கள். வார்டன் பெயர், தனிநபர் போன் எண் இருக்கும் பத்திகளைக் கோப்பு வந்த அன்றே நீக்கிவிடுங்கள். ஒருமுறை ஏறினால் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டுவிடும். பிறகு அழித்தாலும் அழியாது.

ஏற்றும் நாள்

களத்திலிருந்து வந்த தாள்களைக் கோப்பில் சேர்த்த பிறகு, ஜே.ஓ.எஸ்.எம். செயலியில் திறந்து அதன் பிழைசோதனையை ஓட்டுங்கள். ஒரு துண்டு ஒரு மாற்றத்தொகுப்பு. குறிப்பில் ஊரின் பெயர், மூலம், களத்தில் பார்த்த மாதம் ஆகியவற்றை எழுதுங்கள். ‘தரவு ஏற்றம்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. முதல் துண்டை ஏற்றிவிட்டு ஒரு வாரம் நிறுத்துங்கள். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், தவறு என்றால் அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பெறலாம். சிறு தொகுப்பாக ஏற்றுவதன் முழுப் பயனும் அப்போது தெரியும். 400-ஐ ஒன்றாக ஏற்றிய பிறகு திரும்பப் பெற நினைத்தால், இடையில் மற்றவர்கள் செய்த நல்ல திருத்தங்களையும் குலைக்க நேரிடும்.

ஏற்றியவரே சரிபார்க்கக் கூடாது. மொளச்சூர்த் துண்டை ஏற்றியவர் சந்தவேலூரைப் பார்க்கட்டும், சந்தவேலூர்க்காரர் மொளச்சூரைப் பார்க்கட்டும்.

கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். ‘தெரியாது’ கட்டத்தில் விழுந்தவை, எண்கள் பொருந்தாதவை, பெயர் மட்டும் இருந்து இடம் இல்லாதவை. 400-இல் அறுபது, எழுபதுகூட இருக்கலாம். இவற்றை வரைபடத்தில் ஏற்ற வேண்டாம், தூக்கியும் எறிய வேண்டாம். தனிக் கோப்பாக, ஒவ்வொரு வரியிலும் ஏன் நிற்கிறது என்ற காரணத்தோடு, உங்கள் விக்கிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்த ஊர்களிலிருந்து ஒருவர் குழுவில் சேரும் அன்று, அவருக்குக் கொடுக்கும் முதல் தாள் அதுவாக இருக்கட்டும்.